வீட்டுக்குக் கண்ணீர், கடைக்குக் கணக்கு

ஒரு பெண்ணின் வீட்டை அரசு எடுத்துக்கொண்டால் அது துயரக் கதையாகிறது. அவளுடைய கடையை எடுத்துக்கொண்டால் அது இழப்பீட்டுக் கோப்பாகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்காகத்தான் ‘லிட்டில் பிங்க் ஹவுஸ்’ (2017) என்ற அமெரிக்கப் படத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கர்ட்னி மூர்ஹெட் பலாக்கர் இயக்கிய இந்தப் படம், சுசெட் கீலோ என்ற பெண்ணின் உண்மைக் கதை. கேத்தரின் கீனர் அவராக நடித்திருக்கிறார். மணவாழ்க்கையிலிருந்து வெளியேறிய சுசெட், 1997இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரில், தண்ணீரைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு, இளஞ்சிவப்பு வண்ணம் பூசுகிறார். மறு ஆண்டே, பக்கத்தில் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையம் வருவதாக அறிவிப்பு வருகிறது. நட்சத்திர விடுதி, அலுவலகங்கள், புதிய குடியிருப்புகள் என்று நகரம் திட்டம் போடுகிறது. அப்போது அந்த நகரில் வேலையின்மை மாநில சராசரியைப் போல ஏறத்தாழ இருமடங்கு. திட்டம் போட்டவர்களுக்கும் காரணம் இருந்தது. விற்க மறுத்த ஒன்பது பேரின் 15 சொத்துகளுக்காக வழக்கு நடந்தது. 2005 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வேலைவாய்ப்பையும் வரி வருவாயையும் பெருக்குவது ‘பொது நோக்கம்’தான் என்று தீர்ப்பளித்தது. 2009இல் ஃபைசர் அந்த இடத்தைவிட்டுப் போவதாக அறிவித்தது. இடித்த நிலம் பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது.

தகப்பனோ கணவனோ கொடுக்காத வீடு அது. தன் சம்பளத்தில் ஒரு பெண் வாங்கியது. அதை அவள் விட்டுக்கொடுக்க மறுக்கும் காட்சிகளுக்கு நான் முழு மனதோடு தலையசைக்கிறேன். ஆனாலும் இந்த வழக்கு ஒரு தேசத்தையே ஏன் இவ்வளவு உலுக்கியது என்று யோசிக்கும்போது ஓர் ஐயம் எழுகிறது. வீட்டு வாசலில் நிற்கும் பெண் என்பது ஏற்கெனவே வரைந்து வைக்கப்பட்ட சித்திரம். அவளை அங்கிருந்து அகற்றுவது இயற்கைக்கு விரோதம் என்று ஆணாதிக்க மனமும் சேர்ந்தே பதறுகிறது.

நம் மொழியிலும் அந்தச் சித்திரம் இருக்கிறது. மனையிலிருந்து மனைவி வருகிறாள்; இல்லிலிருந்து இல்லாள் வருகிறாள். கடையிலிருந்து கடைக்காரி வருகிறாள். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போதே குரல் ஒருபடி இறங்கிவிடுகிறது. கடை என்றால் இறுதி, கீழானது என்றும் அகராதி சொல்கிறது. சங்கப் பாடல்களில் உப்பும் மீனும் விற்ற பெண்களைப் பாடத்தில் நடத்துகிறோம். அவர்களுடைய அழகைப் பற்றிக் கேள்வி கேட்கிறோம். வியாபாரத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

கீலோ தீர்ப்பில் மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் சாண்ட்ரா டே ஓ’கானர். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. இனி எந்தச் சொத்தையும் அதைவிட அதிக வருவாய் தரும் ஒன்றுக்காக எடுத்துவிடலாம் என்று எச்சரித்த அவர், முதலில் சொன்ன உதாரணம் வீடு அல்ல. மலிவான ஒரு தங்கும் விடுதி. அதாவது ஒரு தொழில். வீடும் பண்ணையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆனால் மக்கள் நினைவில் நின்றது வீடு மட்டுமே. தீர்ப்புக்கு எதிராக எழுந்த கோபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் திருத்தின. மிச்சிகன் மாநிலம் 2006இல் தன் அரசியல் சட்டத்தையே திருத்தியது: உரிமையாளர் குடியிருக்கும் வீட்டை எடுத்தால் சந்தை மதிப்பில் குறைந்தது 125 சதவீதம் தர வேண்டும். கடைக்கு அந்தக் கூடுதல் 25 சதவீதம் இல்லை. கண்ணீரின் விலையைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது.

இத்தனைக்கும் கீலோ தீர்ப்பு சாய்ந்து நின்ற பழைய தூண், ஒரு கடையை இடித்த வழக்கு. வாஷிங்டன் நகரின் தென்மேற்குப் பகுதியைப் புதுப்பிக்கும் திட்டத்தை எதிர்த்து இரண்டு கடைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒருவர் பல்பொருள் அங்காடி வைத்திருந்த மேக்ஸ் மோரிஸ். மற்றவர் ஹார்டுவேர் கடை வைத்திருந்த கோல்டி ஷ்னைடர் என்ற பெண். 1953இல் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு ஷ்னைடர் பெயரில்தான் இருக்கிறது. 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன இறுதித் தீர்ப்பு, மோரிஸின் சொத்தை நிர்வகித்தவரின் பெயரால் ‘பெர்மன் எதிர் பார்க்கர்’ என்று வழங்குகிறது. சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்வது அந்தப் பெயரைத்தான். ஆணி விற்ற பெண்ணின் பெயர் மேலே ஏறவில்லை.

அந்தத் தீர்ப்பின் மையச் சொல் ‘ப்ளைட்’. பயிர்நோயைக் குறிக்கும் சொல் அது; நம் உழவர்கள் இலைக்கருகல் என்பார்கள். ஒரு தெருவுக்கு அந்தப் பெயரை வைத்தவுடன் வாதம் தானாக முடிந்துவிடுகிறது. நோய் பரவும், ஆகவே நல்ல பயிரையும் சேர்த்துப் பிடுங்கத்தான் வேண்டும். மோரிஸின் கடையில் பழுது இல்லை என்பது நீதிமன்றத்துக்குப் பொருட்டாகவே இல்லை. பகுதியை மொத்தமாகப் பார்க்க வேண்டும், நகரம் சுத்தமாக மட்டுமல்ல, அழகாகவும் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டவும் அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. அங்கே வாழ்ந்த 5,012 பேரில் 97.5 சதவீதம் கறுப்பின மக்கள் என்று தீர்ப்பே சொல்கிறது. அழகு, சுத்தம் என்ற சொற்களால் அளக்கப்பட்டே வளர்ந்தவர்கள் நாம். அவை யாரை வெளியே தள்ளுவதற்காகச் சொல்லப்படுகின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல.

கடையை எடுக்கும்போது எதற்கு விலை தருகிறார்கள்? நிலத்துக்கும் கட்டடத்துக்கும். வியாபாரம் அழிந்தால் அதற்கு அரசியல் சட்டப்படி இழப்பீடு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1925இலேயே சொல்லிவிட்டது. ஒரு வகைச் சோளம் பயிரிட்டு டப்பாவில் அடைத்து விற்ற குடும்பம் ஒன்று, ராணுவத்துக்கு நிலத்தைப் பறிகொடுத்துத் தொடுத்த வழக்கு அது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் இடம் மாற்றும் செலவை ஓரளவு தருகிறது. வாடிக்கையின் மதிப்புக்கும் பணம் தரும் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் சில உண்டு. ஆகவே அதைக் கணக்கிடவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

என் சித்தி இருபது வருடம் வாடகைக் கடையில் ஜாக்கெட் தைத்தார். அந்தக் கடையில் அவருக்கென்று இருந்தது ஒரு தையல் மிஷினும் ஓர் அளவு நோட்டும்தான். அந்த நோட்டில் தெருவிலிருந்த பெண்கள் எல்லோரின் உடம்பும் இருந்தது. யாருக்குத் தோள் இறக்கம், யாருக்குப் பிள்ளை பிறந்தபின் இரண்டு அங்குலம் கூடியது, யார் பாக்கியைப் பொங்கலுக்குத் தருவார் என்பதெல்லாம் அதில் இருந்தன. நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த நோட்டு வெறும் காகிதம். நிலத்தைத் தவிர வேறொன்றையும் சொத்தாகப் பார்க்காத சட்டத்துக்கு அந்த நோட்டைப் படிக்கத் தெரியாது. பட்டா ஆண் பெயரிலும் உழைப்பு பெண் பெயரிலும் இருக்கும் சமூகத்தில், அவளுடைய தொழில் இழப்பாகக்கூட எண்ணப்படாது.

‘பொது நோக்கம்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் 1894இல் நம் நிலச் சட்டத்திலும் எழுதிவைத்தார்கள். அதற்கு மாற்றாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், சொந்த நிலம் இல்லாவிட்டாலும், மூன்றாண்டு அந்தப் பகுதியில் பிழைத்தவர்களைப் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. கணவனை இழந்தவர்களையும் கைவிடப்பட்ட பெண்களையும் தனிக் குடும்பமாகக் கணக்கிடுகிறது. இது பெரிய முன்னகர்வு, மறுக்க மாட்டேன். ஆனால் கைவினைஞருக்கும் சிறு வியாபாரிக்கும் அது உறுதிசெய்யும் ஒருமுறை உதவித்தொகை, குறைந்தபட்சம் 25,000 ரூபாய். ஆளை எண்ணத் தெரிந்த சட்டத்துக்கு, அவள் செய்த வேலையை எண்ணத் தெரியவில்லை.

சுசெட்டின் வீட்டைப் பெயர்த்தெடுத்து நகரின் இன்னொரு தெருவில் மீண்டும் கட்டினார்கள். அங்கே அது ஒரு நினைவுச் சின்னம்போல நிற்கிறது. கடையை அப்படிப் பெயர்த்து நிறுத்த முடியாது. அதை நிறுத்திவைத்திருப்பது சுவர் அல்ல, தினமும் அந்த வழியே வரும் கால்கள். அடுத்து ஒரு தெருவை அகலப்படுத்தும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, யாருடைய வீடு போகிறது என்பதோடு, அங்கே எந்தெந்தப் பெண்கள் என்னென்ன விற்றுக்கொண்டிருந்தார்கள், எவ்வளவு சம்பாதித்தார்கள் என்ற பட்டியலையும்.