பாட்டு யாரைப் பார்த்துப் பாடுகிறது?

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடையில் கோட்டு சூட்டுப் போட்ட 19 பேர் ஏறி நின்றார்கள். பறையும் சட்டியும் கட்டை மோளமும் இருந்தன. எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் இருந்தன. குழுவின் பெயர் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். சாதியில்லாத தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பிறந்த பெயர் அது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் 2017இல் பாடகர்களைத் தேடிப் பிடித்து இதை உருவாக்கின.

குழு பாடியது வடசென்னைத் தெருக்களின் கானாவை. வடசென்னைக்கு வெளியே கானாவைக் கேட்க அதுவரை பெரும்பாலும் சினிமாதான் வழி. தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா அதைக் கொண்டுவந்தார். 2012இல் 'அட்டகத்தி' மூலம் கானா பாலாவின் குரல் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் கதாநாயகன் ஆடுவதற்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டும், அதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்ற அளவில்தான் கானாவுக்கு அங்கே இடம். கதாநாயகனே இல்லாமல், பாடுகிறவன் தன் பெயரில், தன் உடையில், தன் அரசியலோடு முன்னால் வந்து நின்றது இந்தக் குழுவின் முதல் சாதனை. எத்தனை குறை சொன்னாலும் இது குறையாது.

குறையைச் சொல்ல மரண கானாவிலிருந்து தொடங்க வேண்டும். சாவு வீட்டு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், நடு இரவு. பாடுகிறவர் செத்தவரின் பெயரைச் சொல்வார். எந்தத் தெரு, என்ன வேலை, யாரோடு சண்டை, கடைசியாக எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் பாட்டில் வந்துவிடும். உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் இவை முன்பே தெரியும். தெரிந்ததைத் தெரிந்தவர்களிடம் பாடும்போதுதான் அழுகையும் சிரிப்பும் ஒரே வரியில் வருகின்றன. அங்கே விளக்கவுரைக்கு வேலையில்லை. கானாவின் உயிர் அதுதான் என்று நினைக்கிறேன்.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் நல்ல பாடல்களில் இந்த உயிர் இருக்கிறது. தெருவின் பேச்சும் கிண்டலும் கோபமும் அப்படியே வந்து விழுகின்றன. புரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று பாட்டு தன் பாட்டுக்குப் போகிறது. வேறு சில பாடல்களில் முகம் திரும்பிவிடுகிறது. இடஒதுக்கீட்டைப் பேசும் கோட்டா பாடல் அப்படி. அது கூட்டத்தில் இல்லாத ஒருவரோடு, இடஒதுக்கீட்டை எதிர்க்கிற ஒருவரோடு வாதாடுகிறது. வாதம் சரியானது. ஆனால் வாதத்துக்கு வரிசை வேண்டும், சான்று வேண்டும், முடிவு வேண்டும். அவற்றையெல்லாம் சுமக்கும்போது பாட்டு மேடைப் பேச்சின் நடைக்குப் போய்விடுகிறது. பல்லவி கோஷமாகிறது. கோஷத்தை நாம் திரும்பச் சொல்லலாம். வீட்டில் தனியாக இருக்கும்போது முணுமுணுக்க மாட்டோம்.

இதற்கு மறுப்பும் உண்டு, அதை மதிக்கிறேன். கோட்டாவில் வந்தவன் என்று கல்லூரி விடுதியில் ஏச்சு வாங்கிய பிள்ளைக்குத் திருப்பிச் சொல்ல ஒரு பாட்டு கிடைத்தது சின்ன விஷயமில்லை. அந்தப் பிள்ளைக்காக அந்தப் பாட்டு இருக்கட்டும். எல்லாப் பாட்டும் அப்படியே ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஓசையிலும் இதே சிக்கல் இருக்கிறது. பறையை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய மாட்டுத்தோல், அடிப்பதற்கு முன் தீயில் காட்டினால்தான் விறைக்கும். கொஞ்ச நேரத்தில் தளரும், மறுபடி காய்ச்ச வேண்டும். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய குச்சி. இரண்டும் இரண்டு பேச்சு பேசும். ராக் டிரம்ஸின் பெரிய மிதி டிரம் அதன் மேல் வந்து விழும்போது அடிக்குச்சியின் கனம் காணாமல் போகிறது. மெல்லிய குச்சியின் சடசடப்பு மட்டும் மிஞ்சுகிறது. கானா பாடகர் ஒரு சொல்லை இழுத்து, தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வந்து உட்காருவாரே, அந்த இழுப்பையும் டிரம்ஸ் நேராக்கிவிடுகிறது. டிரம்ஸ் ஒதுங்கி நின்று சட்டியும் பறையும் முன்னால் வரும் இடங்களில் இந்தக் குழுவுக்கு இணை கிடையாது.

சுயாதீன இசை என்கிறோம். 19 பேர் வண்டி ஏறி ஒரு ஊருக்குப் போய், தங்கி, சாப்பிட்டு, பாடித் திரும்புகிற செலவைச் சினிமா வருமானமோ சினிமாப் பெயரோ இல்லாமல் தாங்குவது லேசில்லை. இந்தக் குழுவின் பின்னாலும் ஒரு திரைப்பட இயக்குநர் இருந்தார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த ஆதரவு குழுவோடு நிற்காமல் 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' விழாவாக விரிந்து, சபாக்களின் மாதத்தில் மற்ற கலைஞர்களுக்கும் மேடை தந்தது. ஆனால் ஆதரவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். இந்தக் குழுவில் வளர்ந்த பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயுடன் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்து உலகம் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகே அறிவுக்கு ஓர் அட்டை வந்தது.

இசைவாணியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆண்களே பாடி வந்த கானாவில், தொடங்கியபோது இந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் அவர். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சபரிமலையில் பெண்கள் நுழைவது பற்றிய தீர்ப்பு வந்த 2018இல் குழு பாடிய ஐயப்பன் பாடல், ஆறு ஆண்டு கழித்து 2024 நவம்பரில் சர்ச்சையானபோது வசவும் மிரட்டலும் பெரும்பாலும் அவர் மீதே குவிந்தன. மேடையில் கூட்டம், அடி விழும்போது ஒரு பெண். வடசென்னையில் பாடத் தெரிந்த பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இசைவாணியின் இரு பக்கமும் அவர்கள் மைக் பிடித்து நிற்கும்படி அடுத்த மேடையை அமையுங்கள் என்று குழுவை உரிமையோடு கேட்கிறேன்.