கிளார்க்கின் கட்டுரையும் ‘அயல்’ என்னும் சொல்லும்

1945-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் ஆங்கில இதழில் ஆர்தர் சி. கிளார்க் எழுதிய கட்டுரை, செய்தித் தொடர்புத் துணைக்கோளைப் பற்றிய எழுத்துகளுள் தலையாயதாக வைத்து எண்ணப்படுகின்றது. நிலநடுக் கோட்டிற்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இயங்கும் கோள், நிலவுலகின் சுழற்சியோடு ஒத்துச் செல்லுதலின், கீழிருந்து நோக்குவார்க்கு நின்றது போலத் தோன்றும். அத்தகைய நிலையங்கள் மூன்று அமையின் உலகெங்கும் ஒலியும் ஒளியும் பரப்பலாம் என்பது அவர் துணிபு. இக்கட்டுரையை அறிவியலார் பலகாலும் ஆராய்ந்துள்ளனர். மொழி நூலார் ஆராய்தற்கும் இதன்கண் இடம் உண்டு என்று காட்டுதலே ஈண்டு நம் நோக்கமாகும்.

கட்டுரையின் சிறப்பு, வானத்தைப் பற்றிப் பேசும்போதும் வீட்டை மறவாமையே. பெறுவோரிடத்து ஓரடி விட்டமுள்ள சிறு கிண்ணம் போதும் என்று அன்றே எழுதினார். வான நிலையத்தில் மாந்தர் தங்கிப் பணிபுரிவர் என்று அவர் கருதியது நிறைவேறவில்லை. எனினும், டிரான்சிஸ்டர் 1947-இல் தோன்றுதற்கு முன் எழுதியவரிடம் அதனைக் குற்றமாகக் கூறுதல் முறையன்று. குறையென்று கூறத்தக்கது வேறொன்று உண்டு. வானிலிருந்து வரும் குரல் எம்மொழியில் பேசும் என்னும் வினா அக்கட்டுரையில் இடம்பெறவில்லை.

அவ்வினாவை எழுப்பியது பின்னர் நிகழ்ந்த ஒரு சோதனை. அமெரிக்கரின் ஏ.டி.எஸ்.-6 என்னும் கோளைத் துணைக்கொண்டு, 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை, இந்தியாவின் ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி அளிக்கப்பட்டது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த கிளார்க்கின் கொழும்பு இல்லத்திலும், இந்திய அரசின் கொடையாக, ஐந்து மீட்டர் விட்டமுள்ள கிண்ண அலைவாங்கி நிறுவப்பட்டது. இலங்கைக்குச் சொந்தத் தொலைக்காட்சி வந்தது 1979-இல்தான். ஆகவே, ஒரு நாடு தன் தொலைக்காட்சியைக் காணுமுன் அந்நாட்டின் ஓர் இல்லம் அயல்நாட்டுத் தொலைக்காட்சியைக் கண்டது. அக்கருத்தை எழுதியவரே அவ்வில்லத்தார் என்பது வியப்பிற்குரியது.

இச்சோதனையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கோள் அனுப்பிய படம் ஒன்று. அதனோடு சென்ற ஒலித்தடங்களோ இரண்டு. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்னும் மொழிகளில் நிகழ்ச்சிகள் அமைந்தன. தமிழகம் அவ்வாறு மாநிலங்களுள் இல்லை. படம் எல்லையைக் கடப்பினும் குரல் மொழிதோறும் பிரிந்தே தீரும் என்பதனைப் பொறியாளரே உணர்ந்து செயற்பட்டனர். கிளார்க்கு விட்ட இடத்தை நிரப்பியது இவ்விரண்டாம் ஒலித்தடமே எனலாம்.

இனி, ‘அயல்’ என்னும் சொல்லை நோக்குவோம். அயல்நாடு என்புழி அது பிறிது எனப் பொருள்படும். அயல்வீடு என்புழி அண்மை எனப் பொருள்படும். 1993 முதல் சென்னையிலிருந்து தமிழ்த் தொலைக்காட்சி துணைக்கோள் வழியே பரவலாயிற்று. அதனைத் தன் இல்லத்தில் காணும் ஈழத் தமிழர்க்கு அஃது அரசால் பிறிது; மொழியால் அண்மை. சட்டநூலார் முதற்பொருளையே கொள்வர். தமிழ்ச் சொல்லோ இரண்டனையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது.

ஆயினும் இவ்வண்மையை முற்றும் வாழ்த்துதற்கில்லை. அயலார் பேசுவார் மட்டுமல்லர், கேட்பாரும் ஆவர். கிண்ணமோ வாங்குமேயன்றி ஒன்றையும் திருப்பித் தாராது. ‘கதிரையில் இருந்து கதை’ என்று தாய் கூறும் வீட்டில், ‘நாற்காலியில் உட்கார்ந்து பேசு’ என்று திரை கூறுகின்றது. இரண்டும் தமிழே, ஆனால் ஒன்றே வானிலிருந்து நாள்தோறும் வருகின்றது. மறுமொழி சொல்ல வழியில்லாத வழக்கு, நல்வழக்கேயாயினும், காலப்போக்கில் தாழ்ந்த வழக்கெனப் பிழைபட எண்ணப்படும். போர்த்துக்கேயரிடமிருந்து வந்து வேரூன்றிய ‘கதிரை’ போன்ற சொற்கள், அவ்வழி, வரலாற்றோடு மறைதலும் கூடும்.

ஆகலின் கிண்ணத்தை அகற்றுதல் தீர்வாகாது. இல்லத்தில் வழங்கும் சொற்களைத் திரட்டிப் பதிவு செய்தலும், அவ்வழக்கிலேயே நிகழ்ச்சிகள் படைத்து அவற்றையும் வானேற்றுதலுமே செயற்பாலன. அவை நிகழுங்கால்தான் அயல் என்னும் சொல் தன் இரண்டாம் பொருளில் நிறைவு பெறும்.