விராலிமலைக் கடைவீதியில் சதிருக்கு என்ன இடம்?

வியாபாரம் படுத்துப்போன தெருவை நிமிர்த்த இப்போதெல்லாம் ஒரே மருந்தைத்தான் எழுதித் தருகிறார்கள்: அந்த ஊரின் வரலாறு, கலை, பண்பாடு. சுவரில் ஓவியம், முகப்பில் அலங்கார வளைவு, பழைய புகைப்படங்கள், சாயங்காலம் ஒரு கலைநிகழ்ச்சி. கூட்டம் வரும், கூட்டம் வந்தால் காபி விற்கும், காபி விற்றால் தெரு பிழைக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. என் சந்தேகம் ஒன்றுதான். வரலாறு தெருவுக்குச் சோறு போடும் என்கிறீர்கள், சரி. அந்த வரலாற்றைச் சுமந்தவர்களுக்கு யார் சோறு போடுவது?

விராலிமலையை வைத்து இதை யோசிக்கலாம். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நான்குவழிச் சாலையில் வரும் ஊர். மலைமேல் முருகன், அருணகிரிநாதர் பாடிய தலம். கார் வந்து நிற்கும், படியேறுவார்கள், கும்பிடுவார்கள், இறங்கியதும் கிளம்பிவிடுவார்கள். தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் தெரு நிறையும். மற்ற நாட்களில் வந்தவரை இன்னும் ஒரு மணிநேரம் ஊருக்குள் நிறுத்திவைக்க என்ன இருக்கிறது என்பதுதான் கடைக்காரரின் கேள்வி. நியாயமான கேள்வி.

நாளைக்கே இங்கே ‘பண்பாட்டு வீதி’ என்று ஒரு திட்டம் வந்தால் பலகையில் என்ன இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். மலையைச் சுற்றித் திரியும் மயில். சுவாமிக்குச் சுருட்டு படைக்கும் வழக்கம். ஜல்லிக்கட்டுக் காளை. மூன்றும் இந்த ஊரின் சொத்துதான், பொய்யில்லை. ஆனால் மூன்றிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. படமாக வரைந்து மாட்டினால் திருப்பி எதையும் கேட்காது.

கேட்கக்கூடியது நான்காவதாக ஒன்று உண்டு. சதிர்.

விராலிமலைக் கோயிலில் சேவை செய்த 32 தேவதாசிகளில் ஒருவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் பொட்டு கட்டப்பட்டவர். நட்டுவனாரான தந்தையிடமே ஆட்டம் கற்றவர். அந்த மரபின் கடைசிக் கண்ணியாக அறியப்பட்ட அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சதிரில் ஆடுகிறவரே பாடவும் வேண்டும். ஆட ஒருவர், பாட ஒருவர் என்பது இன்றைய மேடையின் ஏற்பாடு. தேவேஷ் சோனெஜியின் ‘அன்ஃபினிஷ்ட் ஜெஸ்சர்ஸ்’ என்ற ஆய்வு நூலில் விராலிமலைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. விராலிமலைக் குறவஞ்சியும் இந்த மரபில் ஆடப்பட்டதுதான். குறவஞ்சியில் குறத்தி என்ன செய்கிறாள்? எங்க மலையைப் பார், எங்க வளத்தைப் பார் என்று அடுக்கிவிட்டுத்தான் குறி சொல்லக் கையைப் பிடிக்கிறாள். ஊரின் பெருமையைச் சொல்லி ஆளை நிற்கவைக்கிற வித்தையை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சதிரைப் பேசும்போது பழைய காலத்தைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்துவிடக்கூடாது. பொட்டுகட்டுதலை எதிர்த்துச் சட்டமன்றத்தில் போராடிய முத்துலட்சுமி ரெட்டியும் 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர்தான். அவருடைய தாயார் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர். 1947இல் சென்னை மாகாணத்தில் தடைச்சட்டம் வந்தது. 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ஏழு வயதுக் குழந்தையைக் கேட்காமலே பொட்டு கட்டும் ஏற்பாடு ஒழிந்தது நல்லதே. ஆனால் ஏற்பாடு போனபோது அதோடு ஒட்டியிருந்த பிழைப்பும் போனது. கலை மட்டும் பரதநாட்டியம் என்ற பெயரோடு சென்னை சபாக்களில் மரியாதையாக வாழ்ந்தது. ஆடிய பெண்களுக்கு அந்த மரியாதையில் பங்கு வந்து சேரவில்லை.

இப்போது கடைவீதியின் பெயரால் இரண்டாவது முறையும் அதையே செய்யப்போகிறோமா? சலங்கை கட்டிய காலைச் சுவரில் வரைந்துவிட்டு, அது யாருடைய கால் என்று சொல்லாமல் விடுவது ரொம்ப சுலபம்.

வேறு ஊர்களில் நடந்ததைப் பார்க்கலாம். சென்னை பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். நடக்க சுகமாக இருக்கிறது. ஆனால் பையும் கையுமாக அங்கே நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் சுயமரியாதை இயக்கத்தின் சௌந்தரபாண்டியனார் இருக்கிறார் என்று தெரியும்? மயிலாப்பூரில் ஜனவரி விழாவின்போது மாட வீதியிலேயே கோலப்போட்டி நடக்கிறது. அங்கே கோலம் போடுகிறவர்கள் உயிரோடு, தங்கள் பெயரோடு வந்து உட்காருகிறார்கள், தெருவே மேடையாகிறது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜேன் ஜேகப்ஸ் 1961இலேயே எழுதினார்: புதிய முயற்சிகளுக்குப் பழைய கட்டடங்கள் வேண்டும், ஏனென்றால் அங்கேதான் வாடகை கட்டுப்படியாகும். தெரு பிரபலமானால் முதலில் ஏறுவது வாடகை. வாடகை ஏறினால் முதலில் வெளியேறுவது பூக்கட்டுகிறவரும் டீக்கடைக்காரரும். பண்பாடு வந்ததால் பண்பாட்டுக்காரர் கிளம்பினார் என்று ஆகிவிடும்.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயங்கள்தான். வளைவு கட்டும் பணத்தில் கடைவீதியில் ஒரு மாடி அறை. நீண்டகால ஒப்பந்தம், ஏறாத வாடகை. அங்கே சதிர்ப் பாடல்களைக் கற்றுக்கொடுக்கிறவருக்கு மாதச் சம்பளம், பொன்னாடை அல்ல. விழா நாட்களில் கடைத்தெருவிலேயே குறவஞ்சி. ஆடுகிறவர் பெயர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர், அறிவிப்புப் பலகையில் முழுசாக. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் குடும்பங்களிடம் ஒரு வார்த்தை கேட்பது. ‘எங்க பிள்ளைகளுக்கு இந்தப் பழைய கதை வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால் அதுவும் பதில்தான். பத்மஸ்ரீ வந்த பிறகு ஊர் கொண்டாடலாம். அதற்கு முன்பு அந்தப் பெயர் அவர்கள் மேல் ஏற்றிவைத்த அவமானத்தை ஊர் சுமக்கவில்லை, அவர்கள்தான் சுமந்தார்கள்.

இதனால் கடைகளில் வியாபாரம் கூடுமா? ஒரே வருடத்தில் கூடாது. ஆனால் வாரம் தவறாமல் பாட்டுக் கேட்கிற ஒரு மாடிக்குக் கீழே டீக்கடை நடக்கும், பூ விற்கும், படியிறங்கிய ஆள் கொஞ்சம் நிற்பார். அடுத்தமுறை உங்கள் ஊரில் ‘பாரம்பரிய வீதி’ என்று பலகை வைத்தால், ஓவியம் அழகா இருக்கா என்று மட்டும் பார்க்காதீர்கள். வரையப்பட்டவருக்கு அந்தத் தெருவில் வாடகைக்காவது ஓர் இடம் கிடைத்திருக்கிறதா என்று கேளுங்கள்.