இரத்தப் பையும் காலக்கெடுவும்

சரீரத்தில் ஓடும்போது இருபுறமும் குழிந்த தட்டாக இருந்து, தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களுக்குள்ளும் மடங்கி நுழைந்து, வெளிவந்ததும் பழைய வடிவத்தை அடைந்துவிடுகிற இரத்தச் சிவப்பணு, பையில் அடைபட்டுக் குளிர்பெட்டியில் வைக்கப்பட்ட சில வாரங்களில் அவ்வடிவத்தைச் சிறிது சிறிதாக இழந்துவிடுகிறது. இது ஆராய்ச்சியாளர் நெடுநாளாக அறிந்த விஷயமே. ஆயினும், 2 முதல் 6 டிகிரி உஷ்ணத்தில் காக்கப்பட்ட பையை 42 நாள் வரையில் நோயாளிக்கு ஏற்றலாம் என்று பல நாடுகளின் இரத்த வங்கிகள் கைக்கொண்டிருக்கும் விதி, இந்த மாற்றத்தை எவ்வளவு தூரம் கணக்கில் எடுத்துக்கொண்டது என்று விசாரிப்பது அவசியமாகிறது.

விதியின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1914, 1915ஆம் ஆண்டுகளில் இரத்தத்தை உறையாமல் நிறுத்தும் சக்தி சிட்ரேட்டுக்கு உண்டு என்பதைப் பிரஸ்ஸல்ஸில் ஹுஸ்டினும், போனஸ் அயர்ஸில் அகோட்டேயும், நியூயார்க்கில் லூயிசனும் காட்டிய பிறகே, கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் நீங்கியது. ரவுஸும் டர்னரும் அதனோடு சர்க்கரையைச் சேர்த்தார்கள். 1917இல் ராபர்ட்சன் அம்முறையைப் போர்முனைக்கே கொண்டு சென்றார். 1937இல் சிகாகோவில் ஃபான்டஸ் இரத்த வங்கியை நிறுவினார். பின்னர் அமிலமும், அடினைனும், மன்னிட்டாலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர, கெடு 21 நாளிலிருந்து 35க்கும், அதிலிருந்து 42க்கும் நீண்டது. அரிய வகை இரத்தம் வேண்டியவரும், பிரசவத்தில் திடீரென்று உதிரம் பெருகிய தாயும் அந்த நீட்சியால் பிழைத்திருக்கிறார்கள். இதை மறந்துவிட்டுச் சேமிப்பைக் குறை கூறுவது நியாயமாகாது.

இனி, பைக்குள் நடப்பதைப் பார்ப்போம். சர்க்கரையைச் செலவிட்டு வாழும் அணு லாக்டிக் அமிலத்தைப் பெருக்கிக்கொள்கிறது. அந்த அமிலமே அதன் சக்திச் சேமிப்பைக் குன்றச் செய்கிறது. குளிரால் சவ்வின் உப்பு இறைக்கும் வேலை தளர்ந்து, உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே கசிகிறது. சவ்வுக்கும் அதைத் தாங்கும் உட்சட்டத்துக்கும் உள்ள பிணைப்பு நெகிழ்ந்ததும், தட்டின் விளிம்பில் மேடுகள் தோன்றி, பின்னர் உடல் முழுதும் முட்கள் எழுந்து, அணு கடல் முள்ளெலியைப் போலாகிறது. இது வரையில் பெரும்பாலும் மீளக்கூடிய நிலைதான். புதிய பிளாஸ்மாவின் சகவாசத்தில் பல அணுக்கள் மறுபடி தட்டாகிவிடுகின்றன. ஆனால் முட்களின் நுனிகள் நுண்குமிழிகளாக உதிரத் தொடங்கிவிட்டால், போன சவ்வு போனதுதான். மேற்பரப்பு குறைந்த அணு உருண்டையாகி, வளையும் தன்மையை இழந்து, மண்ணீரலின் மெல்லிய இடுக்குகளைக் கடக்க மாட்டாமல் அங்கே நின்றுவிடுகிறது.

மீளும் மாற்றத்தையும் மீளா மாற்றத்தையும் ஒன்றாகப் பாவித்ததே இவ்விஷயத்தில் எழுந்த பல வாதங்களின் குற்றம் என்பது என் அபிப்பிராயம். 2008இல் கிளீவ்லாந்திலிருந்து, இருதய சிகிச்சை பெற்ற 6,002 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து, 14 நாளுக்கு மேற்பட்ட இரத்தம் தீங்கோடு தொடர்புடையது என்று ஒரு கட்டுரை வெளிவந்தபோது பெரும் பீதி உண்டாயிற்று. அதற்குப் பின் முறைப்படி நடந்த பெரிய சோதனைகளில், 20,000க்கு மேற்பட்டோரைக் கொண்ட 2016ஆம் ஆண்டுச் சோதனை உட்பட, புதிய இரத்தம் பெற்றவர் அதிகம் பிழைத்தார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பீதிக்கு இது தக்க பதிலே. ஆனால் இதைக் கொண்டு 42ஆம் நாளும் குற்றமற்றது என்று சாதிப்பவர்கள், அச்சோதனைகளில் ‘பழைய’ இரத்தம் என்று கொடுக்கப்பட்டதன் சராசரி வயது ஏறக்குறைய மூன்று வாரமே என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். கெடுவின் கடைசி வாரம் பெரும்பாலும் சோதிக்கப்படாமலே தப்பிவிட்டது. ஆரோக்கியமான தொண்டர் 60 பேரைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், ஆறு வாரம் வைத்த இரத்தத்தை ஏற்றியபின் அணுக்கள் மிகுதியாக அழிந்து, கட்டுப்படாத இரும்பு இரத்தத்தில் திரிந்தது தெரியவந்தது.

கெடுவுக்குப் பிரமாணமாக அமெரிக்கர் கொண்ட அளவையும் கவனிக்கத் தக்கது. ஏற்றிய அணுக்களில் சராசரியாக 75 சதவீதம் 24 மணி நேரத்துக்குப் பின்னும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார்கள். அதையும் ஆரோக்கியமுள்ளவரின் சொந்த இரத்தத்தை அவருக்கே திருப்பி ஏற்றி அளக்கிறார்கள். ஒருவருடைய அணுக்கள் 42 நாள் கழித்தும் கட்டுக்கோப்பாக இருக்க, இன்னொருவருடையவை அதற்கு வெகுமுன்பே உருண்டையாகின்றன. இரண்டு பைகளின் மீதும் ஒரே தேதிதான் பொறிக்கப்படுகிறது. நிர்வாகத்துக்கு இது சௌகரியம். ஆனால் முதலில் வந்ததை முதலில் அனுப்பு என்ற கிடங்கு வழக்கத்தைத் தலசீமியா உள்ள குழந்தைக்கும் பிரயோகிப்பது பொருந்தாது. மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் அக்குழந்தைக்கு, ஒரு நாளில் அழியும் கால்பங்கு அணுக்கள் சுமக்க முடியாத இரும்பாகவே மிஞ்சும். இரண்டு வாரத்துக்கு உட்பட்ட இரத்தமே இவர்களுக்கு நல்லது என்ற சிகிச்சை நெறி ஏற்கெனவே உண்டு. அதைக் கைக்கொள்வது கையிருப்பைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இதற்கிடையில் ஒரு விசித்திரமும் உண்டு. பையின் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட் என்னும் பொருள் இரத்தத்தில் கசிந்து, அணுவின் சவ்வில் புகுந்து, அதன் வடிவத்தைக் காத்து வந்திருக்கிறது; நஞ்சென்று ஐரோப்பா அதை விலக்கத் தீர்மானித்திருப்பதால், அது இல்லாத பைகளுக்குக் கெடுவைப் புதிதாக நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. மேற்பரப்பை இழந்த சிற்றணுக்கள் எத்தனை என்று எண்ணும் முறையைப் பாரிஸ் ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கையில், அவையே ஏற்றியபின் விரைவில் மறைகின்றன என்பதும் தெரிந்திருக்கையில், புதிய கெடுவை நிர்ணயிப்பவர்கள் 75 சதவீதச் சராசரியோடு இந்த எண்ணிக்கையையும் கேட்பதற்குத் தடை ஏதும் இல்லை.