மேலே சந்தை, கீழே குணம்

வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேசியது 2025 ஜனவரியில் வெளிவந்ததும் ஊரே சிரித்தது. வீட்டில் மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று அவர் கேட்டது மீம்களுக்குத் தீனியானது. அடுத்து நிறுவனம் தந்த விளக்கத்தைத்தான் அதிகம் பேர் உரசிப் பார்க்கவில்லை. தேசத்தைக் கட்டியெழுப்ப அசாதாரண உழைப்பு வேண்டுமாம்.

அவர் 1984இல் பொறியாளராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். ஞாயிறும் வேலை செய்கிறேன் என்கிறார், நம்பலாம். 2023-24இல் அவர் பெற்ற 51.05 கோடி ரூபாயில் பெரும்பகுதி லாபத்தின் மீதான கமிஷன். அந்த மொத்தத் தொகை, ஊழியர்களின் இடைநிலைச் சம்பளமான 9.55 லட்சத்தைப் போல 534.57 மடங்கு என்று ஆண்டறிக்கையே சொல்கிறது. ஒளிவுமறைவு இல்லை.

சிக்கல், உழைப்புக்கு இரண்டு தராசு வைத்திருப்பதில். தலைவருக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டால் சந்தை நிலவரம் என்பார்கள். திறமைசாலி கிடைப்பது அரிது, கொடுக்காவிட்டால் வேறிடம் போய்விடுவார். கீழே ஆள் கிடைக்காதபோது மட்டும் பேச்சு குணத்துக்குத் தாவுகிறது. 2025 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தொழில்துறைக் கூட்டத்தில், கட்டுமானத் தொழிலாளர்கள் ஊரைவிட்டு வரத் தயங்குகிறார்கள், நலத்திட்டங்களும் உள்ளூர்ச் சுகமும் காரணமாக இருக்கலாம் என்றார் சுப்ரமணியன். வளைகுடாவில் மூன்று மடங்குக்கு மேல் கூலி கிடைக்கிறது என்பதையும் அதே பேச்சில் சொன்னார். பதில் அங்கேயே இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் சுகம் கண்டு சோம்பிப்போனதாகச் சொல்லப்படும் அதே ஆள்தான் கடன் வாங்கி விசா எடுத்து துபாய் வெயிலில் கம்பி கட்டுகிறான். சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும் என்ற பாடம் தலைவர்களுக்கு மட்டும்தானா?

இந்தியனைச் சோம்பேறியாக்க ஓர் உழைப்பாளிச் சீனன் தேவைப்படுகிறான். சீனர்கள் 90 மணி நேரம் உழைப்பதால் அமெரிக்காவை முந்துவார்கள் என்று ஒரு சீனர் தன்னிடம் சொன்னதாக, 90 மணி நேரப் பேச்சிலேயே சுப்ரமணியன் சொன்னார். சீனாவில் பேர்போன ‘996’ முறையே காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள். கூட்டினால் 72 மணி நேரம்தான். அதையும் 2021இல் அந்நாட்டு உச்ச மக்கள் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றுவிட்டது. இல்லாத சீனனைக் காட்டி இருக்கிற இந்தியனை விரட்டுகிறார்கள்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். வாரம் 48 மணி நேரம் உழைப்பவருக்கு 9.55 லட்சம் என்பது மணிக்குச் சுமார் 383 ரூபாய். அதே சம்பளத்துக்கு 90 மணி நேரம் உழைத்தால் 204 ரூபாய். தலைவருக்கோ 90 மணி நேரக் கணக்கிலும் மணிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். கூடுதல் உழைப்பால் லாபம் பெருகினால் கமிஷன் போய்ச் சேரும் இடமும் தெரிந்ததுதான். தேசம் கட்டப்படுகிறதோ இல்லையோ, ஊழியரின் ஒரு மணி நேரம் ஏறக்குறைய பாதி விலைக்குப் போகிறது.

இவ்வளவும் கம்பெனி ஊழியருக்கான கணக்கு. ஒப்பந்தக்காரர் கூட்டிவந்து தகரக் கொட்டகையில் தங்கவைத்திருக்கும் ஆளின் கூலி அந்த 534.57இல் வராது. ஆள் கிடைக்கவில்லை என்று மேடையில் குறைப்பட்டுக்கொள்ள மட்டும் அவன் வேண்டும். அடுத்த ஆண்டறிக்கையில் அவனையும் சேர்த்து விகிதம் போடட்டும். யார் சோம்பேறி என்று பிறகு பேசலாம்.