யசோதை அறியாத பாடம்

கெலமங்கலம் கடைத்தெருவில் கால்மணி நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். இந்த மூன்று பாஷைக்கும் பொதுவான தாய் ஒருத்தி உண்டு. அவள் யசோதை. தமிழில் பெரியாழ்வாரும், தெலுங்கில் அன்னமய்யாவும், கன்னடத்தில் புரந்தரதாசரும் அவளைப் பாடினார்கள். பெற்றவளைக் காட்டிலும் வளர்த்தவளுக்கே இவ்வளவு பாட்டு வாய்த்ததை நாம் போதிய அளவு வியந்ததில்லை.

பெரியாழ்வார் திருமொழியில் வளர்ப்பு ஒரு மகா தியாகமாக வரவில்லை. நீராட்டுவது, பூச்சூட்டுவது, காது குத்துவது, நிலாவைக் கூப்பிடுவது என்று அன்றாடக் காரியங்களாகவே வருகிறது. அதுதான் உண்மை. புதிதாக ஒரு வீட்டுக்கு வந்த குழந்தைக்கு உபதேசம் வேண்டாம். வேளை தவறாத சோறும், நாள்தோறும் அதே குரலும், அதே கையுமே வேண்டும்.

ஆனாலும் யசோதையை முன்மாதிரியாக நிறுத்த எனக்குச் சம்மதமில்லை. பிள்ளை மாறியது அவளுக்குத் தெரியாது. தெரிந்தே வளர்த்தவர் பெரியாழ்வார். ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த கோதையை மகளாக்கிக் கொண்டார் என்பது மரபு. மாலையைச் சூடிப் பார்த்த பெண்ணை முதலில் கடிந்தார்; பிறகு தம் எண்ணமே தவறென்று உணர்ந்தார். கடைசியில் அனுப்பியும் வைத்தார். பிரிந்த துக்கத்தை அவர் மறைக்கவில்லை.

நம் கதைகளும் சினிமாவும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. ரகசியத்தையே அன்பென்று சாதிக்கின்றன. 2002-இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படம் உண்மையைச் சொல்லத் துணிந்தது. ஆனால் அந்தப் பெற்றோர் ஒன்பதாம் பிறந்த நாளில் அதை இடிபோல இறக்கினார்கள். சோற்றோடு பிசைந்து, சிறுகச் சிறுக ஊட்டியிருக்க வேண்டிய உண்மை அது.

தத்து வேறு, தற்காலிக வளர்ப்பு வேறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, வளர்ப்பு வீட்டில் இருக்கும் குழந்தையைச் சொந்தக் குடும்பத்தார் இடையிடையே வந்து பார்க்க இடமுண்டு. அவர்கள் நிலை சீரானதும் குழந்தை திரும்பிப் போகலாம். ஆகவே வளர்ப்பவள் அதன் பெயரை மாற்றலாகாது; பெற்றவளைப் பழிக்கலாகாது; பாஷையையும் மறக்கடிக்கலாகாது. தமிழ் வீட்டுக்கு வந்த குழந்தைக்குத் தெலுங்குத் தாலாட்டு வேண்டுமானால், கெலமங்கலத்தில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

திருப்பித் தரவேண்டியிருக்கும் என்று தெரிந்தும், மனத்தில் ஒரு மூலையைக்கூட மிச்சம் வைக்காமல் வளர்ப்பவள் யசோதையைவிடப் பெரியவள். நான் படித்த கதைகளில் அவளைக் காணோம். எழுதுகிறவர்கள் அவளைத் தேடிப் போகட்டும்.