165ஆம் பத்திக்கு அப்பால்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு மே 24ஆம் நாளிட்டு வழங்கிய ‘இறைவா உமக்கே புகழ்’ எனும் சுற்றுமடலை நம்மவர் பலரும் போற்றுகின்றனர். போற்றுவது வேறு, படிப்பது வேறு. அம்மடலின் 165ஆம் பத்தியை நத்தம் போன்றதோர் ஊரிலிருந்து கருத்தூன்றிப் படிப்போர்க்கு ஒரு தயக்கம் எழாமல் இராது. அத்தயக்கத்தை மூடி மறைக்காமல் ஆராய்வதே இங்கு நம் நோக்கம்.

நிலக்கரி, எண்ணெய், அவற்றினும் சற்றுக் குறைந்த அளவில் எரிவாயு ஆகியவற்றை நம்பிய தொழில்நுட்பம் காலந்தாழ்த்தாமல் படிப்படியாகக் கைவிடப்பட வேண்டும் என்கிறது அப்பத்தி. நன்று. ஆனால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி எங்கும் கிடைக்கும் காலம் வரும்வரை, தீமை குறைந்த வழியைத் தெரிந்துகொள்வது முறையே என்றும் அது இசைவு தருகிறது. எரிவாயு நிறுவனம் எதுவும் இவ்வரியைத் தன் விளம்பர ஏட்டில் தயங்காமல் அச்சிட்டுக்கொள்ளலாம். நிலக்கரியை விடத் தூய்மையானது என்பதுதானே மீத்தேனுக்குச் சொல்லப்படும் பெருமை!

அப்பெருமையோடுதான் அது காவிரிப் படுகைக்கும் வந்தது. 2010ஆம் ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு உரிமை வழங்கப்பட்டது. நிலக்கரிப் படுகையில் மீத்தேனைப் பிடித்து வைத்திருப்பது நீரின் அழுத்தமே. அந்நீரை இடைவிடாது இறைத்து வெளியேற்றினால்தான் வாயு விடுபடும். வாயு எளிதில் வராத பாறையாயின் நீரையும் மணலையும் வேதிப்பொருள்களையும் பேரழுத்தத்தோடு செலுத்திப் பாறையையே பிளப்பர். இதுவே நீரியல் விரிசல் முறை. (நம் துண்டறிக்கைகள் பல இவ்விரண்டையும், சாதாரண எண்ணெய்க் கிணற்றையும் ஒன்றாகவே குழப்பின. மறுப்போர்க்கு அது வசதியாகிவிட்டது.) இம்முறையின் பெயர் சுற்றுமடலில் எங்கும் இல்லை. ஆனால் மடலுக்கு முன்பே, 2013 நவம்பரில், அர்ஜென்டினத் திரைப்பட இயக்குநர் சோலானாஸ் முதலியோருடன், இம்முறைக்கு எதிரான வாசகம் பொறித்த சட்டையைக் கையிலேந்திப் படமெடுத்துக்கொண்டவர் அதே திருத்தந்தை. படத்தில் இருந்த தெளிவு பத்தியில் இல்லையே என்பதுதான் நம் குறை.

‘தீமை குறைந்தது’ என்பதை எங்கிருந்து அளப்பது? புகைபோக்கியின் உச்சியில் நின்று அளந்தால் எரிவாயு நிலக்கரியை வெல்லும். கிணற்றின் அடியில் நின்று அளந்தால் கணக்கு மாறும். நத்தத்தார்க்குக் காவிரி இல்லை. மாவும் புளியும் செழிப்பது மழையாலும் கிணற்றாலும். நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் என்னவாகும் என்பதை இம்மாவட்டத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கிணறுகளில் இறங்கிய வரலாறு நம் கண்முன்னே உள்ளது. தமிழகத் தோல் ஆலைகள் குறித்து 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் இம்மாவட்டமும் இடம்பெற்றது. தீங்கு நேராது என மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் தொடங்குவோருடையதே என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கையை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று.

வியப்பு என்னவெனில், சுற்றுமடலின் 186ஆம் பத்தியும் ஏறத்தாழ அதையே கூறுகிறது. மீட்க இயலாத கேடு விளையும் எனத் தக்க தகவல் சுட்டினால், ஐயமற்ற சான்று இல்லாவிடினும் திட்டத்தை நிறுத்தலாம் என்கிறது. 183ஆம் பத்தி இன்னும் கூர்மையானது: சூழல் ஆய்வு திட்டத்திற்குப் பின்னால் வரும் சடங்காகக் கூடாது, உரையாடல் மேசையில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் வேண்டும். எனவே 165ஐத் தனியே பிரித்துப் படிப்பது அம்மடலுக்கே இழைக்கும் அநீதி. தீமை குறைந்தது எது எனத் தீர்மானிக்கும் மேசையில் உழவர் இல்லையேல், அவ்விசைவுக்கு மடலில் ஆதாரமில்லை.

அம்மேசை நம் நாட்டில் எப்படி உள்ளது? மன்னார்குடித் திட்டத்தை மாநில அரசு 2013இல் நிறுத்தி வைத்து 2015இல் கைவிட்டது. அப்போராட்டத்திலேயே ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். நெடுவாசல் மக்கள் 2017 பிப்ரவரியில் வீதிக்கு வந்தனர். எனினும் 2020 ஜனவரி 16 அன்று நடுவண் அரசு எண்ணெய், எரிவாயுத் தேடலை ‘பி2’ வகைக்கு மாற்றியதால், மக்கள் கருத்துக்கேட்பு அதற்குத் தேவையற்றதாயிற்று. அடுத்த மாதமே தமிழகம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றியது, வரவேற்றோம். ஆயினும் முன்பே நடைபெற்றுவந்த கிணறுகளை அது தொடவில்லை. திண்டுக்கல் மாவட்டமும் அதன் எல்லைக்குள் இல்லை.

மாற்று எரிசக்திக்கும் 183ஆம் பத்தி பொருந்தும் என்பதை ஆர்வலர்கள் மறந்துவிடுகின்றனர். கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. அதில் புகையில்லை, விரிசலில்லை, மகிழ்ச்சியே. அந்நிலத்தில் ஆடு மேய்த்தோர் எந்த மேசையில் அமர்ந்தனர் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.